மரத்தடிக்கு வழி

இருபத்தாறு மணி நேரம் செல்வமாரி அந்த ஒரு வாக்கியத்தைத் தொண்டைக்குள்ளேயே வைத்திருந்தாள். பெரிய வாக்கியம் என்று சொல்ல முடியாது. மூன்றே சொல். முதல் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு அது வாய் வரைக்கும் வந்தது, வந்த வழியே திரும்பிப் போனது. பிறகும் பலமுறை வந்தது. ஒவ்வொரு முறையும் யாராவது குறுக்கே பேசினார்கள். கூச்சக்காரர்களுடைய வாக்கியங்களுக்கு இது வழக்கமாக நடப்பதுதான்.

கோவில்பட்டியில், சொர்ணத்தாய் கடலைமிட்டாய்க் கம்பெனியில் அவள் சேர்ந்து இது இரண்டாவது வாரம். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்தவள். சொந்த ஊர் எப்போதும்வென்றான். முதலாளி ஆறுமுகசாமி அவளை வேலைக்கு எடுத்ததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, அவளுக்கு இங்கிலீஷ் தெரியும். இன்னொன்று, கோவில்பட்டியில் காலேஜ் படித்த பிள்ளை என்பதால் ஊர் தெரியும். முதலாவது முக்கால்வாசி உண்மை. இரண்டாவதைச் சொன்னது அவளுடைய மாமா. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். காலேஜ் பஸ் காலையில் எப்போதும்வென்றானில் ஏற்றி, காலேஜ் கேட்டுக்குள் இறக்கிவிடும். சாயங்காலம் கேட்டுக்குள்ளேயே ஏற்றி, எப்போதும்வென்றானில் இறக்கிவிடும். படித்த காலம் முழுக்க அவள் பார்த்த கோவில்பட்டி ஒரு பஸ் ஜன்னல் அகலம்.

வேலை நிலைக்காவிட்டால் பி.எட். மாமா அதற்கும் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்று சத்தமாகப் பேச வேண்டும் என்பதை நினைத்தாலே அவளுக்குப் பயம். இங்கே அந்தப் பயம் இல்லை. மேசை, கம்ப்யூட்டர், உள்ளே பாகு காயும் வாசனை, வெளியே கரிசல் காற்று. பேச வேண்டியது குறைவு. அதற்காகவே இந்த வேலை அவளுக்கு வேண்டியிருந்தது.

முதல் நாள் பகலில் ஆறுமுகசாமி கையில் போனோடு உள்ளே வந்தார்.

"பெங்களூரு மேடம் நாளைக்கு வாராவளாம். அனகா மேடம். ஊரூராக் கடை வச்சிருக்காவள்லா, அந்தக் கம்பெனிக்குச் சரக்கு எடுக்கதே அவியதான். மராட்டிக்காரி. தமிழ்ல வணக்கத்துக்கு அங்கிட்டு ஒன்னும் தெரியாது. காரை அவியளே ஓட்டிட்டு வாராவ."

"மேப்பப் போட்டு வரச் சொல்லுங்க அண்ணாச்சி," என்றாள் சுந்தரம்மாள். பாக்கிங் பகுதி முழுவதும் அவள் பொறுப்பு. முதலாளியை எதிர்த்துப் பேசுகிற பொறுப்பையும் அவளே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"மேப்பா? மேப்பு நேரா சங்கிலிப்பாண்டி வாசல்ல கொண்டு போயி விடும்."

சங்கிலிப்பாண்டி அவருடைய சித்தப்பா மகன். பாகப்பிரிவினையில் அடுப்பைப் பிரித்தார்கள், தட்டுகளைப் பிரித்தார்கள், பெயரைப் பிரிக்க முடியவில்லை. ஊரில் இப்போது இரண்டு சொர்ணத்தாய். சங்கிலிப்பாண்டியின் மகன் முந்திக்கொண்டு மேப்பில் தன் கடையைக் குறித்துவிட்டான். உலகத்தில் எவர் சொர்ணத்தாய் என்று தட்டினாலும் அங்கேதான் போய் நிற்பார்கள்.

"அங்கன போயி இறங்கிட்டாவன்னா முடிஞ்சுது. ஒரு டீயக் குடுத்தே ஆர்டர வாங்கிருவான், பய. ஏம்மா செல்வமாரி, நீ எழுது. பைபாஸ்ல இருந்து நம்ம வாசல் வரைக்கும். சுத்தமான இங்கிலீசு. மேடம் வந்து சேந்துட்டாவன்னா நீ இங்கன நிரந்தரம். சேரலன்னா பி.எட்.டுதான் ஒனக்கு நல்லதுன்னு ஒங்க மாமாட்ட நானே சொல்லுதேன்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். செல்வமாரிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆபீஸ் போனை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க அண்ணாச்சி."

"பைபாஸ்ல இருந்து கிழக்க இறங்கணும். பழைய செக்போஸ்ட்டுல தெக்க திரும்பணும். தியேட்டர் முக்குல கிழக்க. மரத்தடில, புளியமரம் இருக்குல்லா, அங்கன வடக்க. அம்புட்டுதான். கண்ணக் கட்டி விட்டாலும் வந்துரலாம்."

பெங்களூர் மேடத்துக்குக் கிழக்கும் தெற்கும் தெரியுமா என்று செல்வமாரி மெதுவாகக் கேட்டாள். வலது இடதாக மாற்ற வேண்டும் என்று முடிவாயிற்று. அதில்தான் சிக்கல். திசையை வைத்தே நடந்து பழகியவர்களுக்கு இடது என்பது நின்று நிதானித்துக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்று. லோடு ஏற்ற வந்திருந்த ஆட்டோக்காரர் ஷேக் பரீத் உதவிக்கு வந்தார். சவுதியில் கார் ஓட்டியவர். ஆபீஸ் நடுவில் தெற்கே பார்த்து நின்று, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப நாந்தான் மேடம். மதுரைல இருந்து வாரேன். கிழக்க இறங்குதேன்." திரும்பினார். "இது லெஃப்ட். எழுதிக்கோம்மா. இப்பத் தெக்க... இது ரைட்டு."

"பாயி, மேசைல இடிச்சிராதீரும்," என்றாள் சுந்தரம்மாள்.

"ஹாரன் அடிச்சுட்டேன், நீதான் ஒதுங்கல."

இடது, வலது, இடது, இடது. அது முடிந்தது. அடுத்து, எதில் திரும்ப வேண்டும் என்பது வந்தது. செல்வமாரி தட்டச்சு செய்ததை வாசித்துக் காட்டினாள்: "டர்ன் லெஃப்ட் அட் த டாமரிண்ட் ட்ரீ."

"அட்டா?" ஆறுமுகசாமிக்குத் திருப்தி இல்லை. "ஸ்டாப்பு பேரு என்ன? மரத்தடி. அடின்னா அண்டரு. அண்டர் த ட்ரீன்னு போடு."

"அண்ணாச்சி, அண்டர்னு போட்டா அந்தம்மா மரத்துக்கு அடில காரை விட்டுட்டு உக்காந்துரும்," என்றார் பரீத். "சவுதில எல்லாமே நியருதான். நியர் மஸ்ஜித், நியர் பெட்ரோல் பம்ப். ஏழு வருசத்துல நியரு என்னைய ஒரு நாளும் கைவிட்டதில்ல."

"நியருன்னா பக்கத்துலதான?" என்றாள் சுந்தரம்மாள். "மரத்துக்குப் பக்கத்துல நாலு சந்து கிடக்கு. எந்தச் சந்துல போவாவ? ஏட்டி, ஆன்னு ஒன்னு உண்டும்லா, அதப் போடேன்."

"ஆன் போட்டா மரத்து மேல ஏறணும்க்கா."

"ஏறட்டுமே. மேல இருந்து பாத்தா நம்ம கம்பெனி நல்லாத் தெரியும்."

பரீத் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுச் சிரித்தார். செல்வமாரியும் கொஞ்சம் சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது எளிது. பெட்டிக்குள் என்றால் இன். பரப்பின் மேல் என்றால் ஆன். ஒரு புள்ளியில் என்றால் அட். பிசிக்ஸ் மாதிரி ஒழுங்கானது. ஆனால் மூன்றுக்கும் முதலில் பெட்டியோ பரப்போ புள்ளியோ அங்கே இருந்தாக வேண்டும்.

அந்த இடத்தில்தான் வாக்கியம் வாய்க்கு வந்தது.

"அண்ணாச்சி, அந்த மரம்..."

"ஆமா, மரம். அட்டா அண்டரா, முடிவாச் சொல்லு."

"அதில்ல அண்ணாச்சி. மரம் வந்து..."

"மரம் எப்படிட்டி வரும்?" என்றாள் சுந்தரம்மாள். "நாமதான் போணும்."

எல்லாரும் சிரித்தார்கள். வாக்கியம் திரும்பி உள்ளே போய்விட்டது.

விஷயம் இதுதான். மரத்தடியில் மரம் இல்லை. ரோட்டை அகலப்படுத்தினபோது வெட்டிவிட்டார்கள். அது நடந்து பல வருஷம் ஆகிறது. தியேட்டர் முக்கில் தியேட்டர் இல்லை, கல்யாண மண்டபம் இருக்கிறது. பழைய செக்போஸ்ட்டில் இருப்பது ஒரு வேகத்தடை. இதை ஊரில் யாரும் மறைக்கவில்லை. அவர்களுக்கு அது கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். மரத்தை வெட்டியவர்கள் பெயரை வெட்டவில்லை. மரத்தடியில் இறங்குகிறார்கள், மரத்தடியில் சண்டை போடுகிறார்கள், மரத்தடியில் நிற்கிறேன் வா என்று போனில் கூப்பிடுகிறார்கள். வருகிறவரும் சரியாக வந்து சேருகிறார்.

செல்வமாரிக்கு இது தெரிந்தது வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு. கண்டக்டர் "மரத்தடியெல்லாம் இறங்கு" என்றார். இறங்கினாள். மரத்திலிருந்து வடக்கே வர வேண்டும் என்று ஆறுமுகசாமி சொல்லியிருந்தார். மரத்தைத் தேடினாள். இந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். கடை போர்டுகளெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டன. யாரிடமாவது கேட்கலாம், கேட்டால் அவர்கள் பதில் சொல்வார்கள், பிறகு பேச வேண்டிவரும். கடைசியில் கடலைமிட்டாய் அட்டைப்பெட்டி அடுக்கிய ஆட்டோ ஒன்று போனது. அதன் பின்னாலேயே ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள். ஏன் லேட் என்று முதலாளி கேட்டதற்கு, பஸ் என்றாள். ஊர் தெரிந்த பிள்ளை வழி தெரியாமல் அலைந்தேன் என்று எப்படிச் சொல்வது?

இப்போதும் அதே முடிச்சுதான். மரம் இல்லை என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். ஊரோடு இருக்கிற யாருக்கும் தெரியாதது இவளுக்கு மட்டும் தெரிகிறதென்றால், இவள் ஊருக்குப் புதுசு.

வேறு வழியில் முயன்றாள். "தியேட்டர் முக்குல மண்டபம் இருக்குல்லா அண்ணாச்சி, அத எழுதட்டுமா?"

"மண்டபம் நேத்து வந்தது. தியேட்டருன்னா சின்னப்புள்ளைக்கும் தெரியும்."

அப்படியே எழுதினாள். மரத்தின் விஷயத்தில் ஆறுமுகசாமி ஒரு சமரசத்துக்கு வந்தார். யார் மனமும் நோகக்கூடாது என்று எல்லாவற்றையும் போடச் சொன்னார். கூடவே ஒரு சொல் தன் பங்குக்குச் சேர்த்தார். "டர்ன் லெஃப்ட் நியர், அட் அண்ட் அண்டர் த பிக் டாமரிண்ட் ட்ரீ" என்று செய்தி பெங்களூருக்குப் போனது. அனுப்பியதும் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திருத்தி அனுப்பலாம் என்கிற யோசனையும் அந்தப் பைக்குள் போய்விட்டது.

சாயங்காலம் செல்வமாரியும் சுந்தரம்மாளும் பஸ்ஸுக்கு நின்றார்கள். மேற்கு வெயில் முகத்தில் அடித்தது. சுந்தரம்மாள் முந்தானையைத் தலைக்கு மேலே இழுத்துக்கொண்டாள்.

"தினமும் இந்த மரத்தடில நின்னு நின்னே வெயில்ல மண்டை காஞ்சு போச்சுட்டி எனக்கு."

செல்வமாரி அவள் முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை. உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொல்கிறாள்.

"அக்கா, ஒன்னு சொல்லட்டா?"

"சொல்லு."

"இந்த இடத்துல..."

"ஏட்டி, கடம்பூர் பஸ்ஸு! நான் வாரேன்." சுந்தரம்மாள் ஓடிவிட்டாள்.

மறுநாள் மேடம் பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஆறுமுகசாமி வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தட்டில் மிட்டாய் அடுக்கி, மேலே துணி போட்டு மூடியிருந்தது. ஒரு மணி ஆனது. ஒன்றரை ஆனது. முதலாளி வாசலுக்கும் மேசைக்கும் நடந்தார். அதற்குப் பிறகுதான் போன் அடித்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

மேடம் இங்கிலீஷில் வேகமாகப் பேசினார். அதில் பாதிக்கு மேல் கோபம். சுருக்கம் இது. பைபாஸில் சரியாக இறங்கிவிட்டார். செக்போஸ்ட் எங்கே என்று கேட்டதற்கு எல்லாரும் ஒரு வேகத்தடையைக் காட்டினார்கள். தியேட்டர் எங்கே என்று கேட்டதற்குக் கல்யாண மண்டபத்தைக் காட்டினார்கள். உள்ளே போய் விசாரித்தபோது, பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு என்றும் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீடு என்றும் நினைத்துப் பந்தியில் உட்கார வைத்து இலை போட்டுவிட்டார்கள். பாயசம் வரைக்கும் எழுந்திருக்க முடியவில்லை. இப்போது மரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். மூன்று பேரிடம் கேட்டாயிற்று. மூன்று பேரும் நீங்கள் மரத்தடியில்தான் நிற்கிறீர்கள் என்கிறார்கள். ஒரு பெரியவர் காற்றைக் கையால் தட்டிக் காட்டுகிறார்.

"ஐ ஆம் ஸ்டாண்டிங் இன் த சன்," என்றார் மேடம். "ஐ ஆம் நாட் அண்டர் எனிதிங்."

"என்ன சொல்லுதாவ?" என்றார் ஆறுமுகசாமி.

"மரத்தைக் காணலையாம் அண்ணாச்சி."

"மரத்தைக் காணலன்னா அவிய மரத்தடிக்கே வரல. வேற எங்கயோ நிக்காவ. பாயி! வண்டிய எடும். பைபாஸ்ல இருந்து பாத்துக்கிட்டே வாரும்."

பரீத் ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு, மேடம் இல்லாத திசையில் சரியாகப் பறந்தார். மேடம் எங்கே நிற்கிறார் என்பது அந்த அறையில் ஒருத்திக்குத்தான் தெரியும். கூப்பிடு தூரம். போனில் மேடம் பெருமூச்சு விட்டார். போதும், மேப்பைப் போட்டுக்கொள்கிறேன் என்றார்.

அந்த ஒரு சொல் ஆறுமுகசாமிக்குப் புரிந்தது. "மேப்பா? ஐயோ, சங்கிலிப்பாண்டி! செல்வமாரி, அண்டர்னு சொல்லு! அண்டர்!"

"நியருன்னும் சொல்லிப் பாரு," என்றாள் சுந்தரம்மாள், பரீத் சார்பில்.

செல்வமாரி முதலாளியின் கையிலிருந்து போனை வாங்கினாள். வாங்கினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. பிடுங்கினாள்.

"மேடம், ஃபர்கெட் த ட்ரீ. வாட் டூ யூ ஸீ?"

மேடம் பார்த்துப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு சைக்கிள் கடை, வாசலில் டயர்கள் தொங்குகின்றன. தண்ணீர் கேன் விற்கிற கடை. ஒரு பேனர், அதில் நிறையத் தலைகள். பேனருக்குக் கீழே ஒரு ஆடு.

ஆட்டைத் தவிர எல்லாமே செல்வமாரிக்குத் தெரிந்தவை. சைக்கிள் கடைக்கும் தண்ணீர்க் கடைக்கும் நடுவில் ஒரு சந்து, அதில் நுழையச் சொன்னாள். பச்சைத் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டச் சொன்னாள். தொட்டிக்கு எதிரே இரும்பு கேட். பிட்வீன் என்றாளா, பிசைட் என்றாளா, ஆஃப்டர் என்றாளா, அவளுக்கே நினைவில்லை. எங்கோ ஓரிடத்தில் ஆன் த லேன் என்றும் வந்துவிட்டது. மேடம் ஒன்றுக்கும் தடுமாறவில்லை. சொன்ன பொருள் ஒவ்வொன்றும் சொன்ன இடத்தில் இருந்தது. சந்துக்குள் கார் உறுமுகிற சத்தம் முதலில் போனில் கேட்டது, பிறகு ஜன்னலில் கேட்டது.

"வந்துட்டாவ!" ஆறுமுகசாமி சட்டைக் காலரைச் சரிசெய்தார். வாசலுக்குப் போகிற போக்கில் குனிந்து கேட்டார். "கடைசில எதப் போட்ட? அட்டா, அண்டரா?"

"எல்லாத்தையும் போட்டேன் அண்ணாச்சி."

"நான் அப்பமே சொன்னம்லா."

அனகா மேடம் உயரமானவர். வெயிலில் நின்றதில் முகம் சிவந்திருந்தது. தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தார். மிட்டாய்த் தட்டை நீட்டினார்கள், தொடவில்லை. ஆறுமுகசாமி தன் இங்கிலீஷை எடுத்தார். "வெல்கம் மேடம். திஸ் செல்வமாரி. லோக்கல் கேர்ள். ஆல் ரோடு நோயிங்."

மேடம் அவளைப் பார்த்து, குரல் உனதுதானா என்பதுபோலத் தலையசைத்தார். பிறகு முதலாளி பக்கம் திரும்பினார். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். அவருக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். அந்த இடத்தில் மரம் இருக்கிறதா, இல்லையா? ஒரு ஊரே இருக்கிறது என்கிறது. அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. அவருக்குக் கண் சரியில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். கண் சரியாக இருந்தால் வேறு யோசனை வருகிறது. மரம் இல்லாத இடத்தில் மரம் இருக்கிறது என்று எழுதி அனுப்புகிறவர்கள், மிட்டாய்ப் பொட்டலத்தின் மேல் எழுதுவதை எப்படி நம்புவது?

ஆறுமுகசாமிக்கு 'ட்ரீ' மட்டும் பிடிபட்டது. முகம் மலர்ந்தது.

"எஸ் மேடம்! ட்ரீ! பிக் ட்ரீ! எங்க காலத்து மரம்." தெற்கே கையை நீட்டிக் காட்டினார். அவர் போன் அடித்தது. எடுத்தார். பரீத்தின் குரல் வெளியே கேட்டது: "அண்ணாச்சி, பைபாஸ்ல ஒரு மேடமும் இல்ல. மரத்தடி வரைக்கும் பாத்துட்டேன்."

"பாத்தியளா மேடம், அவரும் மரத்தடிலதான் நிக்காரு." போனை வைத்தார். "செல்வமாரி, மேடத்துக்கு நல்லாச் சொல்லும்மா. மரம் இருக்குன்னு சொல்லு."

மேடம் அவளைப் பார்த்தார். முதலாளி பார்த்தார். மூடிக்கிடந்த இன்னொரு தட்டின் துணியைத் தூக்கிய சுந்தரம்மாள், தூக்கிய கையோடு பார்த்தாள். மூன்று பேர்தான். செல்வமாரிக்கு நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

இந்த முறை யாரும் குறுக்கே பேசவில்லை. யாராவது பேசுவார்கள் என்று கொஞ்சம் காத்திருந்தும் பார்த்தாள்.

"யுவர் ஐஸ் ஆர் குட், மேடம்," என்றாள். குரல் அவளுக்கே கேட்கிற அளவுக்கு வந்திருந்தது. பிறகு முதலாளியிடம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க. வேலைக்கு வந்த அன்னைக்கு ரோடு முழுக்கத் தேடிட்டுத்தான் வந்தேன். அங்கன மரம் இல்ல."